1,40,000 ரூபாய் காது மிஷின் பீரோவில் தூங்குகிறது: குறை அப்பாவிடமா, கருவியிடமா?

#1 சேது_திருவானைக்காவல்

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆறேழு ஆண்டுகளாகக் காது மந்தம். சென்ற ஆடித் தள்ளுபடியில் ஒரு கடையில் இரண்டு காதுக்கும் சேர்த்து 1,40,000 ரூபாய்க்குக் காது மிஷின் வாங்கினோம். மூன்று வாரம் போட்டார். இப்போது அது பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே, அந்துருண்டை வாசனையோடு தூங்குகிறது.

காரணம் கேட்டால் மூன்று சொல்கிறார். தன் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதாம். மின்விசிறியும் பாத்திரமும் நன்றாகக் கேட்கின்றன, பேச்சு மட்டும் கேட்கவில்லையாம். தலையைத் திருப்பினால் கீச்சென்று விசில் வருகிறதாம். விசிலை நானும் கேட்டேன்.

கடைக்காரர் முதல் தடவை "பழகிவிடும்" என்றார். இரண்டாம் தடவை "இது 8 சேனல், ஐயாவுக்கு 24 சேனல் வேண்டும்" என்றார். அதற்கு இன்னும் 90,000 ரூபாய் ஆகும்.

இரண்டு காதும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான். ஆடியோகிராமில், அதாவது காது சோதனைத் தாளில், இருக்கும் எண்கள் (முதலில் சுருதி ஹெர்ட்ஸில், பிறகு கேட்கத் தேவைப்படும் சத்தம் டெசிபலில்): 250-ல் 25, 500-ல் 30, 1000-ல் 40, 2000-ல் 55, 4000-ல் 70, 8000-ல் 80.

கூச்சத்தோடு இன்னொன்றும் கேட்கிறேன். அம்மா "தைலம் எங்கே" என்றால் அப்பா "மயிலத்துக்கு இப்போது எதற்கு, பஸ் கிடைக்காது" என்கிறார். வீட்டில் எல்லோரும் சிரித்துவிடுகிறோம். அவர் சிரிப்பதில்லை. இதைக் காது என்பதா, வயது என்பதா?

#2 ஒலிமானி (மதுரை)

சேது, எண்களோடு எழுதியது நல்லதாயிற்று. பலர் "காது 60 சதவீதம் போய்விட்டது" என்று எழுதுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்துகிறவன். 17 ஆண்டுகளாக இந்த வேலைதான்.

முதலில் மயிலத்தை முடித்துவிடுவோம். ஆடியோகிராம் தாளில் இடமிருந்து வலம் போனால் சுருதி ஏறும். மேலிருந்து கீழே போனால், கேட்பதற்குத் தேவைப்படும் சத்தம் ஏறும். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. அப்பாவின் கோடு இடப்பக்கம் ஓரளவு மேலேயே நின்றுவிட்டு, வலப்பக்கம் பழனிமலைப் படிபோல் இறங்குகிறது. பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ச, ஸ, ஷ போன்ற உரசல்களும் த, ட, க போன்றவற்றின் சின்ன வெடிப்பும் 2000-க்கு மேலே போகின்றன. அம்மா "தைலம்" என்றபோது அப்பாவின் காதில் விழுந்தது "ஐலம்". முன்னால் இருந்த மெல்லிய "த்" அவருடைய 55, 70 டெசிபல் பள்ளத்தில் விழுந்துவிட்டது. ஓட்டையைப் பார்த்த மூளை, தெரிந்த ஊர் ஒன்றைப் போட்டு அடைத்தது. மூளை நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. காதுதான் குறை.

அதனால்தான் "சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை" என்கிறார். உங்கள் வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்துகிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். கத்தினால் "ஐ" பெரிதாகும், "த்" அப்படியேதான் இருக்கும்.

தொட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல் என்றாரே, அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு "ஈ" என்று நீட்டுங்கள். அவருக்கு அப்படித்தான் கேட்கிறது. நாம் பேசும்போது தாடை எலும்பின் வழியாகக் காதுக் குழாய்க்குள் வரும் அதிர்வு சாதாரணமாக வெளியே போய்விடும். குழாயை அடைத்தால் உள்ளேயே முட்டி நிற்கும். 250-லும் 500-லும் அவருக்கு 25, 30 டெசிபல்தான். அந்தப் பகுதியை அடைக்கவே வேண்டியதில்லை. கருவியின் முனையில் இருக்கும் ரப்பர் தொப்பியை, அதாவது டோமை, பாருங்கள். அதில் துளை இருக்கிறதா, மூடியா?

காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு கொடுத்துப் பார்க்கும் எலும்பு வழிச் சோதனை செய்தார்களா? தாளில் கோணக் குறிகள் தெரியும். காதுக்குள் யாராவது விளக்கு வைத்துப் பார்த்தார்களா?

#3 சேது_திருவானைக்காவல்

டோம் மூடியாகத்தான் இருக்கிறது. துளை இல்லை. தாளில் கோணக் குறி ஒன்றுகூட இல்லை. காதுக்குள் யாரும் பார்க்கவில்லை. கடையின் பின்னறையில், ஏசி ஓடிக்கொண்டிருக்க, ஏழெட்டு நிமிடத்தில் சோதனை முடிந்துவிட்டது. சேனல் விஷயம் என்ன ஐயா?

#4 ஒலிமானி (மதுரை)

ஏசி ஓடும் அறையில் எடுத்தது ஆடியோகிராம் அல்ல, அனுமானம். எலும்பு வழிச் சோதனை இல்லாமல், குறை நடுக்காதிலா நரம்பிலா என்று எப்படித் தெரியும்? செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும், நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் மருந்தோ அறுவை சிகிச்சையோ முதலில் வரும். முதலில் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காதழுக்கு இருந்தால் எடுப்பார். அழுக்கு அடைத்திருந்தால் கருவியின் ஒலி அதில் முட்டித் திரும்பி மைக்குக்குள் போகும். உங்கள் விசிலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். டோம் அளவு சிறியதாக இருந்தாலும் விசில் வரும்.

சேனல் என்பது ஒலியை எத்தனை பட்டைகளாகப் பிரித்துத் தனித்தனியே ஏற்றி இறக்கலாம் என்ற கணக்கு. ஓர் அளவுக்கு மேல் அது விற்பனைப் பேச்சு. உங்கள் அப்பாவின் கோட்டுக்கு 8 சேனல் போதும், சரியாகப் பொருத்தினால்.

பொருத்துவது என்றால் என்ன என்பதைக் கடைக்காரரிடம் கேளுங்கள். கணினியில் ஆடியோகிராமைக் கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் "முதல் பொருத்தம்" வந்துவிடும். பெரும்பாலான இடங்களில் அதோடு காப்பி வந்துவிடுகிறது. அது சராசரிக் காதுக்குப் போட்ட கணக்கு. காதுக் குழாய் ஆளுக்கு ஆள் நீளத்திலும் அகலத்திலும் வேறுபடும். ஒரே கருவி ஒரே அமைப்பில் இரண்டு பேர் காதுக்குள் இரண்டு விதமான சத்தத்தைத் தரும். நிறுவனத்தின் முதல் பொருத்தம் பல நேரங்களில் மேல்சுருதியைக் குறைத்தே வைத்திருக்கும். காரணம் எளிது. குறைத்து வைத்தால் கடையில் உட்கார்ந்திருக்கும்போது இதமாக இருக்கும், விசில் வராது, பணம் கட்டிவிடுவார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் "த்" கேட்காது.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ரியல் இயர் மெஷர்மென்ட் என்போம். மெல்லிய சிலிகான் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு 5 மில்லிமீட்டர் தொலைவுக்குள் நுழைத்து, அதன் மேலேயே கருவியை மாட்டி, எதிரே ஒலிபெருக்கியில் பேச்சு ஒலியை மெதுவாக, சாதாரணமாக, உரக்க என மூன்று அளவில் விட்டு, காதுக்குள் உண்மையில் எவ்வளவு போகிறது என்று திரையில் பார்க்கலாம். அந்தப் பேச்சு எந்த மொழியும் இல்லை. அமெரிக்க ஆங்கிலம், அரபு, சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகிய 6 மொழிகளில் பெண்கள் பேசியதைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியது. என்னிடம் வரும் பெரியவர்களில் பாதிப் பேர் "இது மலையாளமா?" என்று கேட்பார்கள்.

திரையில் இரண்டு கோடுகள் வரும். ஒன்று இலக்கு, மற்றது உண்மையில் போவது. பெரியவர்களுக்கு இலக்கைப் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் உருவாக்கிய என்ஏஎல்-என்எல்2 என்ற சூத்திரம் தரும். அது வயது, பாலினம், புதிதாகப் போடுகிறவரா பழகியவரா, சீனம்போல் தொனியால் பொருள் மாறும் மொழி பேசுகிறவரா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பல நிறுவனங்களின் மென்பொருளில் இவற்றைக் குறிக்கும் கட்டங்கள் இருக்கும். யாரும் தொடுவதில்லை.

#5 சந்தேகப்பிராணி

எல்லாம் வியாபாரம். என் அம்மாவுக்கு இணையத்தில் 1,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். திருகினால் சத்தம் ஏறுகிறது. தொலைக்காட்சி கேட்கிறார். திருப்தி. ஒலிமானி சொல்லும் குழாய், கோடு, ஆஸ்திரேலியா எல்லாம் லட்சத்தை நியாயப்படுத்துவதற்குத்தான்.

#6 ஒலிமானி (மதுரை)

உங்கள் அம்மா கேட்கிறார் என்பதில் மகிழ்ச்சி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கருவியின் சத்தம் எந்த இடத்தில் நிற்கும்? தீபாவளி வெடி பக்கத்தில் வெடித்தால் அதையும் பெருக்குமா? காதுக்குள் உச்சமாக எவ்வளவு விடலாம் என்ற எல்லையை முறையான கருவியில் ஆளுக்கேற்ப வைத்துப் பூட்டுவோம். நரம்புக் குறை உள்ளவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் பெரிய ஒலி நமக்கு உறைப்பதைப் போலவே உறைக்கும். "கொஞ்சம் சத்தமாகப் பேசு" என்பார்கள், பேசினால் "ஏன் கத்துகிறாய்" என்பார்கள். இரண்டும் உண்மை. அந்தக் குறுகிய இடைவெளிக்குள் ஒலியைச் சுருக்கி நுழைப்பதுதான் கருவியின் வேலை. திருகு எல்லாவற்றையும் ஒரே அளவில் ஏற்றும்.

வியாபாரம் என்றீர்களே, அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கருவி, பொருத்தும் கட்டணம், பின்னால் வரும் சேவை மூன்றையும் ஒரே தொகையாக மூடி விற்பதுதான் இந்தத் தொழிலின் நோய். தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். காதொலிக் கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் போட்டிருந்தால் உடனே கேளுங்கள்.

#7 சந்தேகப்பிராணி

தீபாவளியை நினைக்கவில்லை. சரி. ஆனால் இதற்கும் பதில் சொல்லுங்கள். ஒரு விற்பனையாளர் "மிஷின் போடாவிட்டால் அம்மாவுக்கு மறதி நோய் வரும்" என்றார். பயந்துபோய்த்தான் இணையத்தில் தேடினேன்.

#8 ஒலிமானி (மதுரை)

அப்படிப் பயமுறுத்தி விற்பவர்களைப் பார்த்தால் எனக்கும் ரத்தம் கொதிக்கும். காது மந்தத்துக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு இருப்பது ஆய்வுகளில் தெரிகிறது. கருவி போட்டால் தடுக்கலாமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரிடம் 3 ஆண்டுகள் நடத்தி 2023-ல் வெளியிட்ட அச்சீவ் ஆய்வில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே அபாயம் அதிகமாக இருந்த குழுவில் மட்டும் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் குறைந்தது. பேச்சு கேட்க வேண்டும் என்பதற்காக வாங்குங்கள். மறதிக்குத் தாயத்தாக வாங்க வேண்டாம்.

#9 தறிமேட்டுக்காரர்

வணக்கமுங்க. சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் 31 ஆண்டுகள். தறிக்கூடத்தில் நாங்கள் வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். அப்போது யாரும் காதில் பஞ்சுகூட வைத்ததில்லை. என் ஆடியோகிராமில் 4000 என்ற இடத்தில் மட்டும் ஒரு பள்ளம், 8000-ல் கோடு மறுபடி மேலே ஏறுகிறது. மருத்துவர் பார்த்தவுடனே "தறியா, மில்லா?" என்று கேட்டார். ஜோசியர்போல.

எனக்கு ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரி. ராத்திரி கழற்றி அதே ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி வைக்கிறேன், மிச்சப்படும் என்று. சரிதானுங்களா?

#10 ஒலிமானி (மதுரை)

ஜோசியம் இல்லை ஐயா, அந்தப் பள்ளம் இரைச்சலின் கையெழுத்து. நீங்கள் வேலை பார்த்த காலத்தில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இரைச்சலால் வரும் காது மந்தம் தொழில்நோயாக எழுதப்பட்டிருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான கூடமாக இருந்தால் அந்தச் சட்டம் உங்களை எட்டியிருக்காது. வயிற்றெரிச்சல்தான்.

ஆரஞ்சு ஸ்டிக்கர் என்றால் 13-ஆம் எண். பழுப்பு 312, மஞ்சள் 10, நீலம் 675. இந்தப் பேட்டரி காற்றை உறிஞ்சித்தான் மின்சாரம் தரும். ஸ்டிக்கரை எடுத்ததும் அடியில் ஊசித்துளை தெரியும் பாருங்கள், அதன் வழியாகத்தான். ஒரு தடவை காற்று புகுந்துவிட்டால் திரும்ப ஒட்டுவதால் பெரிதாக மிச்சமில்லை. அதற்குப் பதில், ஸ்டிக்கரை எடுத்தவுடன் மூடிவிடாமல் நாலைந்து நிமிடம் மேசையில் வைத்திருந்து பிறகு போடுங்கள். அதில்தான் ஆயுள் கூடும். இரவில் கருவியின் பேட்டரிக் கதவைத் திறந்தே வையுங்கள். மின்சாரமும் மிச்சம், வியர்வை ஈரமும் உலரும். சிலிகா மணிகள் போட்ட டப்பாவில் வைத்தால் இன்னும் நல்லது. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும்.

#11 கயல்_அம்மா

என் மகளுக்கு இப்போது 4 வயது. பிறந்தவுடன் செய்த ஓஏஇ சோதனையில் (காதுக்குள் ஒலி விட்டு உட்காதின் எதிரொலியைப் பார்ப்பது) தேறவில்லை. "தூங்கவில்லை, அதனால் இருக்கும், பிறகு பார்க்கலாம்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பாட்டி மட்டும் "தட்டு விழுந்தால்கூடக் குழந்தை திரும்பவில்லையே" என்று விடாமல் நச்சரித்தார். ஒலி காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனை செய்தபோது 5 மாதம். 7-ஆம் மாதம் இரண்டு காதுக்கும் கருவி போட்டோம்.

பெரியவர்களாவது "சரியில்லை" என்று சொல்லிவிடுவார்கள். குழந்தை சொல்லாது. எனவே தினமும் காலையில் 6 ஒலிகள் சொல்லிப் பார்ப்பேன். லிங் சோதனை என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். ஒலி கேட்டதும் அவள் ஒரு கட்டையை டப்பாவில் போடுவாள். ஒரு நாள் "ஸ்" மட்டும் கேட்கவில்லை. மோல்டை, அதாவது அவள் காது அளவுக்கு வார்த்த அச்சை, கழற்றிப் பார்த்தால் குழாய்க்குள் வியர்வைத் துளி ஒன்று நின்றுகொண்டிருந்தது, கண்ணுக்கே தெரியாத அளவுக்கு. ஊதிவிட்டவுடன் கட்டை விழுந்தது.

குழந்தையின் காது வளர்ந்துகொண்டே இருக்கும். முதல் ஆண்டில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மோல்டு மாற்றினோம். மாற்றத் தவறினால் விசில் வரும், விசில் வருகிறது என்று சத்தத்தைக் குறைப்பார்கள், குறைத்தால் போட்டும் பயனில்லை. விசிலுக்காகச் சத்தத்தைக் குறைக்க விடாதீர்கள், மோல்டை மாற்றச் சொல்லுங்கள்.

#12 ஒலிமானி (மதுரை)

கடைசி வரியை அச்சடித்து எல்லா மையங்களிலும் ஒட்டலாம். குழந்தைகளுக்கு என்ஏஎல் தவிர கனடாவில் உருவான டிஎஸ்எல் சூத்திரமும் பரவலாக இருக்கிறது. மொழியைப் புதிதாகக் கற்கும் காதுக்கு அதிகமாகவே ஒலி தேவை. 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்துதல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் வைத்திருக்கும் கணக்கு. பாட்டிக்கு என் வணக்கம். கருவியால் பயனில்லாத அளவுக்குக் குறை இருந்தால் அறுவை சிகிச்சையில் உட்காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்துவதற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு வழி இருக்கிறது. காலம் கடத்தக் கூடாது.

#13 புதியவன்_நெல்லை

தலைப்புக்குத் தொடர்பில்லை என்றால் மன்னிக்கவும். வயது 38. முந்தாநாள் காலை எழுந்ததிலிருந்து இடது காது அடைத்ததுபோல் இருக்கிறது. உள்ளே "ஙொய்" என்று இரைச்சல். சளி என்று நினைத்து ஆவி பிடித்தேன். கருவி வாங்க வேண்டியிருக்குமா?

#14 ஒலிமானி (மதுரை)

வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று நீட்டி முனகிப் பாருங்கள். எந்தக் காதில் அதிகமாகக் கேட்கிறது?

#15 புதியவன்_நெல்லை

வலது காதில். நல்ல காதில்தான்.

#16 ஒலிமானி (மதுரை)

அப்படியானால் இன்றே, நாளை என்று தள்ளாமல், காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போங்கள். சளியோ அழுக்கோ அடைத்திருந்தால் முனகல் பெரும்பாலும் அடைத்த காதில்தான் கேட்கும். நல்ல காதுக்குப் போனால் நரம்புக் குறை என்று சந்தேகிக்க வேண்டும். மூன்று நாளுக்குள் திடீரென்று நரம்பு வழிக் கேட்கும் திறன் இறங்குவது அவசரச் சிகிச்சைக்குரியது. ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் திரும்பும் வாய்ப்பு அதிகம். கருவியைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். மருத்துவமனை வாசலிலிருந்து இங்கே எழுதுங்கள்.

#17 இரட்டைக்காது

ஓய்வு பெற்ற ஆசிரியை, 71 வயது. 9 ஆண்டுகளாக இரண்டு காதிலும் கருவி. சேதுவுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

நீங்கள் அப்பாவிடம் எங்கிருந்து பேசுகிறீர்கள்? என் மருமகள் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, "அத்தை, குழம்பு சூடு பண்ணவா" என்பாள். பதில் வரவில்லை என்றால் "மிஷின் போட்டிருக்கிறீர்களா இல்லையா?" என்பாள். உலகத்தில் எந்தக் கருவியும் அந்தக் குழாய்த் தண்ணீரை ஜெயிக்காது. தூரம் இரண்டு மடங்கானால் பேச்சு 6 டெசிபல் இறங்கும் என்று எங்கள் ஆடியாலஜிஸ்ட் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தேன். இப்போது அவள் அறைக்குள் வந்து, என் பெயரைச் சொல்லி, நான் திரும்பிய பிறகு பேசுகிறாள்.

கல்யாண மண்டபத்தில் நான் எப்போதும் தவிலுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். கருவியின் மைக்குகள் முன்னால் இருப்பதைத் தூக்கிக் கொடுத்துப் பின்னால் இருப்பதை அடக்கும். பேசுகிறவர் எதிரே, நாயனக்காரர் பின்னே. கெட்டிமேளத்தின்போது கழற்றிவிடுவேன். அந்த நேரத்தில் காது நன்றாகக் கேட்பவர்களுக்கும் ஒன்றும் கேட்காது.

இன்னொன்று. அப்பா எத்தனை மணி நேரம் போட்டார் என்று அவரிடம் கேட்காதீர்கள். கருவியைக் கேளுங்கள்.

#18 சேது_திருவானைக்காவல்

கருவியைக் கேட்பதா? எப்படி அம்மா?

#19 ஒலிமானி (மதுரை)

ஆசிரியை அம்மா சொல்வது உண்மை. கருவி தினமும் எத்தனை மணி நேரம் ஓடியது, எப்படிப்பட்ட சத்தத்தில் ஓடியது என்று உள்ளே குறித்துக்கொண்டே இருக்கும். கணினியில் இணைத்தால் காட்டும். இதைச் சண்டைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

இருக்கும் கருவியையே எடுத்துக்கொண்டு, ரியல் இயர் சோதனைக் கருவி உள்ள ஆடியாலஜி மையமாகப் பார்த்துப் போங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். தயங்கினாலே பதில் கிடைத்துவிடும். பொருத்துகிறவர் இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு செய்தவரா, அந்தப் பதிவு எண்ணான சிஆர்ஆர் எண் என்ன என்றும் கேட்கலாம். ஆடியாலஜிக்கான பட்டப்படிப்பான பிஏஎஸ்எல்பி படித்தவர்கள் அதைச் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். கேட்டால் கோபப்பட மாட்டார்கள்.

#20 தறிமேட்டுக்காரர்

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தேன், எண் போதவில்லை என்று திருப்பிவிட்டார்கள். சேது ஐயாவின் அப்பாவுக்குக் கிடைக்குமுங்களா?

#21 ஒலிமானி (மதுரை)

அவருக்கும் கிடைக்காது. 500, 1000, 2000, 4000 நான்கையும் கூட்டி வகுத்தால் ஏறக்குறைய 49 வருகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர். உங்களைப்போல் 4000-ல் மட்டும் விழுந்தவர்களுக்குச் சராசரி அவ்வளவு ஏறாது. அட்டை உள்ளவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் காதொலிக் கருவி கேட்கலாம்.

#22 புதியவன்_நெல்லை

மன்னிக்கவும், நாலு நாளாக எழுத முடியவில்லை. அன்று மாலையே போனேன். திடீர் நரம்புக் குறை என்றார்கள். ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியாகிவிட்டது. எம்ஆர்ஐ எடுக்கவும் சொல்லியிருக்கிறார்கள். இரைச்சல் பாதியாகியிருக்கிறது, காது கொஞ்சம் திறந்ததுபோல் இருக்கிறது. அடுத்த வாரம் மறுபடி ஆடியோகிராம். எல்லோருக்கும் நன்றி.

#23 ஒலிமானி (மதுரை)

எம்ஆர்ஐ என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு காதில் மட்டும் குறை வந்தால் நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று பார்த்துக்கொள்வது வழக்கம். மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள்.

#24 சேது_திருவானைக்காவல்

ஐந்து வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.

முதலில் காது மருத்துவர். வலது காதிலிருந்து அவர் எடுத்த அழுக்கைப் பார்த்துவிட்டு அப்பா "இதையா இத்தனை நாளாகச் சுமந்தேன்" என்றார். செவிப்பறை நன்றாக இருக்கிறது. ஒலிபுகா அறையில் மறுபடி சோதனை, முக்கால் மணி நேரம். எலும்பு வழியும் காற்று வழியும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன, அதாவது நரம்புக் குறைதான். 1000-ல் 40 என்றிருந்தது உண்மையில் 35. பழைய தாளில் ஏசியும் சேர்ந்து காது கேட்டிருக்கிறது!

பிறகு அந்தக் குழாய்ச் சோதனை. தொலைபேசியில் மூன்று இடங்களில் கேட்டு, நான்காவது இடத்தில் "இருக்கிறது, வாருங்கள்" என்றார்கள். அந்த ஆடியாலஜிஸ்ட் அம்மா குழாயை நுழைக்கும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வலிக்கவில்லை, கூசுகிறது என்றார். ஒலி ஓடியது. அப்பா "தெலுங்கா?" என்றார். ஒலிமானி ஐயா, மலையாளம் இல்லை, திருச்சியில் அது தெலுங்கு.

திரையில் நானே பார்த்தேன். 1000 வரை கருவியின் கோடு இலக்கோடு ஒட்டிப்போனது. 3000-லும் 4000-லும் 12 டெசிபல் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கே அவருக்குத் தேவையோ அங்கே ஒன்றும் போகவில்லை. 1,40,000 ரூபாய்க்கு மின்விசிறியைத்தான் வாங்கியிருக்கிறோம்.

துளையுள்ள டோம் மாற்றினார்கள். தொட்டிக் குரல் அங்கேயே போய்விட்டது. "அ, ஆ, இ, ஈ" என்று பள்ளிக்கூடப் பையன்போல் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேல்சுருதியை ஒரே நாளில் முழுவதும் ஏற்றவில்லை. பாதி இப்போது, மீதி இரண்டு வாரத்துக்குப் பிறகு என்றார்கள். பாத்திரச் சத்தத்துக்கு உச்ச அளவைக் கொஞ்சம் இறக்கினார்கள்.

கருவியின் நாட்குறிப்பையும் பார்த்தோம். முதல் மூன்று வாரத்தில் "நாள் முழுவதும் போட்டேன்" என்பவர் சராசரியாகப் போட்டது 1 மணி 20 நிமிடம். ஆசிரியை அம்மா சொன்னபடி நான் வாயைத் திறக்கவில்லை. அவரே திரையைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சென்ற வாரக் கணக்கு 9 மணி நேரம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சமயபுரம் பஸ்ஸில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார். பேத்தி வேகமாகப் பேசினால் இன்னும் பாதிதான் பிடிபடுகிறது. காகம் இவ்வளவு கத்துமா என்று கேட்கிறார். அப்பளம் கடித்தால் மண்டைக்குள் கட்டடம் இடிகிறதாம். அப்பளத்துக்கு ஏதாவது அமைப்பு இருக்கிறதா?

#25 ஒலிமானி (மதுரை)

அப்பளத்துக்கு அமைப்பு இல்லை. இன்னும் இரண்டு மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் இடிந்தால் அடுத்த முறை போகும்போது ஓர் அப்பளத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், கேலிக்குச் சொல்லவில்லை. எந்தச் சத்தம் தொந்தரவோ அதை அறையிலேயே உண்டாக்கிப் பார்த்தால்தான் எங்கே இறக்குவது என்று தெரியும். என்னிடம் ஒருவர் எவர்சில்வர் தம்ளரும் கரண்டியும் கொண்டுவந்திருக்கிறார். இன்னொன்றை மறந்துவிடாதீர்கள்: கருவி முனையில் இருக்கும் வெள்ளை வடிகட்டியை மாதம் ஒரு முறை பார்த்து மாற்ற வேண்டும். அழுக்கு அடைத்தால் பெரும்பாலானவர்கள் கருவி செத்துவிட்டது என்றே நினைக்கிறார்கள்.

#26 தறிமேட்டுக்காரர்

எல்லாம் சரிங்க, அந்த மயிலம் பஸ் என்ன ஆயிற்று?

#27 சேது_திருவானைக்காவல்

நேற்று அம்மா தைலம் கேட்டார். அப்பா எழுந்துபோய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அம்மா கேட்டது தலைவலித் தைலம், அவர் கொண்டுவந்தது மூட்டுவலித் தைலம். "இதற்கும் காதுக்கும் சம்பந்தமில்லை, ஐம்பது வருஷமாக இப்படித்தான்" என்று அம்மா சொல்லிவிட்டார்.